ஸ்ட்ரெப் கிருமி வெள்ளணுக்களைக் கொல்கிறதா, வெறியேற்றுகிறதா?

கேட்டவர் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஒரே வருஷத்தில் மூன்று தடவை ஸ்ட்ரெப் தொண்டை வலி வந்திருக்கிறது, மூன்று தடவையும் மாத்திரையில் குணமாகியிருக்கிறது. ரத்தப் பரிசோதனையில் நியூட்ரோஃபில் (கிருமியை விழுங்க முதலில் ஓடிவரும் வெள்ளணு) கூடுதல், ஏஎஸ்ஓ (ஸ்ட்ரெப் நஞ்சு ஒன்றுக்கு எதிரான ஆன்டிபாடியின் அளவு) 400. இந்தக் கிருமி வெள்ளணுக்களைக் கொன்றுவிடும் என்று ஓரிடத்தில் படித்திருக்கிறார், எதிர்ப்பு சக்தியை வெறிபிடிக்க வைக்கும் என்று இன்னோரிடத்தில். இரண்டில் எது சரி என்று கேட்கிறார். ஆனால் அவரை உறுத்துவது கடைசி வரியில் இருக்கிறது: “என் எதிர்ப்பு சக்தி இதனால் நிரந்தரமாகக் கெட்டுப்போயிருக்குமா?”

கெட்டுப்போகவில்லை. உங்கள் ஏஎஸ்ஓ எண்ணே அதற்குச் சாட்சி, ஏன் என்று கீழே சொல்கிறேன். கொல்கிறதா வெறியேற்றுகிறதா என்றால் இரண்டும்தான், இடமும் நேரமும் அணுவின் வகையும் மட்டும் வேறு. நான் பல வருஷங்களாக நுண்ணுயிர் ஆய்வகத்தில் தட்டுகளைப் பார்த்து அறிக்கை எழுதுகிற ஆள். கிருமியை எனக்கு நன்றாகத் தெரியும், உங்களைத் தெரியாது. அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஸ்ட்ரெப் என்று ஒரே வார்த்தையில் சொன்னாலும் அது பெரிய குடும்பம். தொண்டையைப் பிடிப்பது ‘ஏ’ பிரிவு, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜீன்ஸ். பயோஜீன்ஸ் என்றால் சீழை உண்டாக்குவது. சீழ் என்பது பெரும்பாலும் செத்துக்கிடக்கும் நியூட்ரோஃபில்கள்தான், ஆக 1884ல் ரோசன்பாக் இந்தப் பெயரை வைத்தபோதே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் எழுதப்பட்டுவிட்டது. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இந்தக் கிருமிக்கு இயற்கையில் மனிதனை விட்டால் வேறு வீடு கிடையாது. தலைமுறை தலைமுறையாக நம் தொண்டையிலும் தோலிலுமே பிழைத்து வந்ததால், அதன் ஆயுதங்கள் நம் எதிர்ப்பு சக்தியின் அளவெடுத்துத் தைத்தவை போல இருக்கின்றன.

முதலில் நியூட்ரோஃபில். கிருமி நுழைந்த இடத்திலிருந்து சில வேதிப்பொருட்கள் கசிகின்றன. அவற்றில் முக்கியமானவை சி5ஏ, இன்டர்லூக்கின்-8 என்ற இரண்டு. ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நியூட்ரோஃபில் அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டுதான் குழாயை விட்டு வெளியே இறங்கி வந்து சேர்கிறது. ஸ்ட்ரெப் இரண்டுக்கும் தனித்தனியாகக் கத்திரிக்கோல் வைத்திருக்கிறது. சி5ஏயை வெட்ட ஒரு நொதி, இன்டர்லூக்கின்-8ஐ வெட்ட ஸ்பைசெப் என்ற இன்னொரு நொதி. மூலக்கூறு முழுவதையும் அழிக்க வேண்டிய அவசியம் இல்லை, வால் பக்கத்தில் ஒரே ஒரு வெட்டு போதும், வாசனை போய்விடும். இங்கே கொலையும் இல்லை வெறியும் இல்லை, வழியைக் குழப்பிவிடுகிற வேலை மட்டும்.

அதையும் மீறி வந்து சேர்கிற நியூட்ரோஃபில் கிருமியை விழுங்கப் பார்க்கும். விழுங்க வேண்டுமென்றால் கிருமியின் மேல் காம்ப்ளிமென்ட் என்கிற, கிருமிக்கு அடையாளம் போடும் ரத்தப் புரதங்களோ, கிருமிக்கென்றே உடல் தயாரிக்கும் ஆன்டிபாடியோ ஒட்டியிருக்க வேண்டும், வெறும் கிருமி வழுக்கிக்கொண்டு போய்விடும். கிருமியின் மேல் முடி மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் எம் புரதம் இங்கேதான் வேலை செய்கிறது. நம் உடல் தன் சொந்த அணுக்களைக் காப்பாற்றிக்கொள்ள வைத்திருக்கும் சில ரத்தப் புரதங்களைப் பிடித்து அது தன் மேல் போர்த்திக்கொள்கிறது, காம்ப்ளிமென்ட் ஒட்டுவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது. பல வகைகளில் இதற்கு மேலே ஹயலூரோனிக் அமிலத்தால் ஆன உறையும் உண்டு. நம் மூட்டிலும் தோலிலும் இருக்கிற அதே பொருள், ஒரு வித்தியாசமும் கிடையாது. (முகத்துக்குப் பூசும் கிரீம்களில் வரும் ஹயலூரோனிக் அமிலத்தில் நிறைய, குதிரைகளைத் தொற்றும் ஒரு ஸ்ட்ரெப் இனத்தைத் தொட்டியில் வளர்த்து எடுத்ததுதான். இதைச் சொன்னால் சிலர் கிரீமை மூடி வைத்துவிடுகிறார்கள்.)

ஆன்டிபாடி வந்து ஒட்டிவிட்டால் என்ன செய்யும்? அதையும் வெட்டும். ஐடெஸ் என்ற நொதி ஐஜிஜி ஆன்டிபாடியைச் சரியாக அதன் இடுப்பில் வெட்டுகிறது. கிருமியைப் பிடித்திருக்கும் கை அப்படியே இருக்கும், நியூட்ரோஃபிலுக்குச் சைகை காட்டும் கால் பகுதி கழன்றுவிடும். இந்த வெட்டு எவ்வளவு துல்லியம் என்றால் அதையே மருந்தாக்கிவிட்டார்கள். சிறுநீரக மாற்று சிகிச்சைக்குக் காத்திருப்பவர்களில் சிலருக்கு, கிடைத்த சிறுநீரகத்தையே தாக்கக்கூடிய ஆன்டிபாடி ஏற்கெனவே ரத்தத்தில் இருக்கும். அதைச் சில மணி நேரத்தில் துண்டாக்க இதே நொதி இம்லிஃபிடேஸ் என்ற பெயரில் 2020ல் ஐரோப்பாவில் நிபந்தனையுடன் அனுமதி பெற்றது.

இனி நேரடிக் கொலை. ஆய்வகத்தில் ரத்தம் கலந்த கிருமி வளர்ப்புக் கூழான ரத்த அகார் தட்டில் இந்தக் கிருமியை இழுத்துவிட்டு மறுநாள் காலை எடுத்துப் பார்த்தால், சிவப்புத் தட்டில் குண்டூசித் தலை அளவுக்குச் சாம்பல் நிறப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றிக் கண்ணாடி மாதிரித் தெளிந்த வட்டம். தட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்த வட்டத்தின் வழியே மறுபக்கம் விரல் தெரியும். அங்கிருந்த சிவப்பணு ஒன்றுகூட மிஞ்சவில்லை. தட்டின் மேற்பரப்பில் அந்த வேலையைச் செய்வது ஸ்ட்ரெப்டோலைசின் எஸ் என்ற சின்னஞ்சிறு நஞ்சு. ஸ்ட்ரெப்டோலைசின் ஓ என்று இன்னொன்று உண்டு, அது ஆக்சிஜன் பட்டால் செயலிழந்துவிடும். அதனால் இழுத்துவிடும்போதே கம்பியால் அகாருக்குள் இரண்டு மூன்று குத்துக் குத்திவைப்போம். காற்றுப் படாத அந்தக் குத்துக்குள்தான் அதன் வேலை நன்றாகத் தெரியும்.

சிவப்பணுவுக்கு நடப்பதே வெள்ளணுவுக்கும் நடக்கும். ஸ்ட்ரெப்டோலைசின் ஓ அணுவின் சவ்விலுள்ள கொலஸ்ட்ராலைப் பிடித்துக்கொண்டு, பல மூலக்கூறுகள் வளையமாகச் சேர்ந்து, ஏறக்குறைய 30 நானோமீட்டர் வரை அகலமான ஓட்டை போடுகிறது. அளவு அதிகமென்றால் நியூட்ரோஃபிலும், கிருமியை விழுங்கும் இன்னொரு வெள்ளணுவான மேக்ரோஃபேஜும் வெடித்துச் சாகும். அளவு குறைவென்றால் அணு ஓட்டையை அடைத்துக்கொண்டு பிழைத்துவிடும், ஆனால் கிருமியைக் கொல்ல அது உமிழும் ஆக்சிஜன் நஞ்சுகள் குறைந்துபோகும், உயிரோடு இருந்தும் கை ஓங்க முடியாத நிலை. அப்புறம் அதே ஓட்டை மேக்ரோஃபேஜுக்குள் எச்சரிக்கை மணியையும் அடித்துவிடுகிறது: இன்ஃப்ளமசோம் என்கிற அமைப்பு விழித்து இன்டர்லூக்கின்-1 பீட்டாவைக் கொட்டும், காய்ச்சலும் வீக்கமும் கூடும். கவனியுங்கள், ஒரே நஞ்சு ஒரே அணுவைக் கொல்லவும் செய்கிறது, கத்தவும் வைக்கிறது. நீங்கள் படித்த இரண்டு கட்டுரைகளும் ஒரே ஓட்டையைத்தான் இரண்டு பக்கத்திலிருந்து பார்த்து எழுதியிருக்கலாம்.

சாகும்போதும் நியூட்ரோஃபில் சும்மா சாவதில்லை. தன் டிஎன்ஏவையே வலை மாதிரி வெளியே வீசிக் கிருமியைச் சிக்கவைக்கும், 2004ல்தான் இது விவரமாக எழுதப்பட்டது. ஸ்ட்ரெப் அதற்கும் டிஎன்ஏவைக் கரைக்கும் நொதிகள் வைத்திருக்கிறது. அவற்றில் வலுவான எஸ்டிஏ1 என்பது கிருமியின் சொந்தச் சரக்குகூட இல்லை, கிருமியைத் தொற்றும் ஒரு வைரஸ் கொண்டுவந்து கொடுத்தது.

இதுவரை சொன்னதெல்லாம் தொண்டை வலியிலும் சிறிய அளவில் நடக்கிறதுதான், பெரும்பாலும் நம் பக்கமே ஜெயிக்கும். விவகாரம் ஆவது கிருமி ஆழமாக இறங்கும்போது. தசையுறை அழுகும் நோயில் அறுவை அரங்கிலிருந்து வரும் திசுவைக் கண்ணாடிச் சில்லில் தேய்த்து கிராம் சாயம் போட்டுப் பார்த்த முதல் தடவை, நான் சாயத்தில்தான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். பார்வைப் பரப்பு முழுக்க ஊதாச் சங்கிலிகள், நியூட்ரோஃபிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது. சாதாரணச் சீழில் இது தலைகீழ்: இளஞ்சிவப்பு நியூட்ரோஃபில்கள் அடைத்துக்கொண்டிருக்கும், நடுவே அங்கங்கே நாலு கிருமி. இரண்டாவது சில்லும் போட்டுப் பார்த்தேன், அதே கதை. பக்கத்து மேசையிலிருந்த மூத்தவர் எட்டிப் பார்த்துவிட்டு, “சாயம் சரியாத்தான் இருக்கு, முதல்ல அறுவை அரங்குக்கு போன் போடு” என்றார். வெட்டப்பட்ட வாசனை மூலக்கூறுகள், ஓட்டை விழுந்த வெள்ளணுக்கள், கரைந்துபோன வலைகள் எல்லாம் சேர்ந்தால் கண்ணாடிச் சில்லில் எப்படி இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தொண்டையில் சாதுவாக இருந்த கிருமி எப்படி இந்த அளவுக்குப் போகிறது என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. கிருமிக்குள் கோவ்ஆர்எஸ் என்ற கட்டுப்பாட்டு விசை இருக்கிறது. அது ஒழுங்காக இருக்கும்வரை பல ஆயுதங்கள் அடக்கி வைக்கப்பட்டிருக்கும், போதாக்குறைக்கு ஸ்பீபி என்ற நொதி வெளியே வந்து கிருமியின் சொந்த ஆயுதங்களையே தின்று தீர்க்கும். தற்செயலாக அந்த விசை கெட்டுப்போன ஒரு கிருமி பிறந்தால் ஸ்பீபி நின்றுபோகும், உறை தடிக்கும், டிஎன்ஏ கரைக்கும் நொதி மிஞ்சும். சுற்றிலும் நியூட்ரோஃபில் வேட்டையாடிக்கொண்டிருந்தால் சாதுவானவை விழுங்கப்பட்டு, இப்படிக் கெட்டவை தப்பிப் பெருகும். ஆக நம் வெள்ளணுக்களே தெரியாமல் மோசமானவற்றைப் பொறுக்கி எடுத்துக்கொடுக்கின்றன. ஆறுதலான விஷயம், இப்படி மாறிய கிருமிக்குத் தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் திறமை குறைந்துவிடுகிறது.

சரி, வெறியேற்றுவது எங்கே? அது டி அணுக்களிடம், எதிர்ப்பு சக்தியை வழிநடத்தும் இன்னொரு வெள்ளணு வகை. வழக்கமாக ஒரு டி அணு விழித்தெழ வேண்டுமென்றால் அதற்கென்றே உள்ள பூட்டுக்கு அதற்கென்றே உள்ள சாவி வர வேண்டும். ஒரு புதுக் கிருமித் துண்டுக்குப் பொருந்தும் டி அணு பத்தாயிரத்தில் ஒன்றிலிருந்து பத்து லட்சத்தில் ஒன்று வரைதான் இருக்கும். ஸ்ட்ரெப்பின் சூப்பர் ஆன்டிஜென் நஞ்சுகள், முக்கியமாக ஸ்பீஏ, ஸ்பீசி, ஸ்மெஸ் போன்றவை, சாவியைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. ஒருபக்கம் மேக்ரோஃபேஜ் போன்ற அணுக்கள் கிருமித் துண்டை ஏந்திக் காட்டும் எச்எல்ஏ மூலக்கூறையும் மறுபக்கம் டி அணுவின் ஏற்பியையும் வெளிப்புறத்தில் பிடித்து இரண்டையும் கிளிப் போட்டமாதிரி சேர்த்துவிடுகின்றன. ஐந்தில் ஒரு டி அணு வரைக்கும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும். எல்லாம் சேர்ந்து கொட்டும் சைட்டோகைன்கள் என்ற அழற்சிச் சைகைப் பொருட்களில் ரத்தக் குழாய்கள் ஒழுகத் தொடங்கி, ரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீரகம் நின்றுபோவதுதான் நச்சு அதிர்ச்சி நோய். இந்தக் கூச்சல் ஓய்ந்தபின் எழுந்த அணுக்களில் பல செத்துப்போகும், மிச்சத்தில் பல மரத்துப்போகும். இங்கேயும் வெறியும் சாவும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான்.

மருந்து கொடுப்பதிலும் இது தெரியும். பெனிசிலின் பெருகிக்கொண்டிருக்கும் கிருமியைக் கொல்லும், ஆனால் கூட்டம் பெருத்துப் பெருக்கம் நின்றுவிட்ட இடத்தில் அதன் வேகம் குறைந்துவிடும் என்று 1952லேயே ஈகிள் என்ற ஆய்வாளர் எலிகளில் காட்டினார். அதனால்தான் ஆழமான தொற்றில் கிளிண்டாமைசினையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். அது கிருமி புரதம் செய்வதையே நிறுத்துவதால் நஞ்சு வருவதும் நின்றுபோகும். சாதாரணத் தொண்டை வலிக்கு இது எதுவும் தேவையில்லை, பெனிசிலின் வகையே போதும், சொன்ன நாள் வரை சாப்பிட்டால்.

மூன்றாவதாக ஒரு பாதிப்பு இருக்கிறது, அது கொலையிலும் சேராது வெறியிலும் சேராது: ஆள் மாறாட்டம். எம் புரதத்தின் சில பகுதிகளும் இதயத்திலுள்ள மயோசின் என்ற தசைப் புரதமும் சாயலில் ஒத்துப்போகின்றன. கிருமிக்காகத் தயாரான ஆன்டிபாடியும் டி அணுவும் சிலருக்கு இரண்டு மூன்று வாரம் கழித்து இதய வால்வைத் தாக்கத் தொடங்கும், அதுதான் ருமாட்டிக் காய்ச்சல். பெரும்பாலும் 5 முதல் 15 வயதுக்குள். தொண்டை வலி தொடங்கி 9 நாளுக்குள் பெனிசிலின் ஆரம்பித்தாலும் அதைத் தடுக்க முடியும் என்பது உறுதியான விஷயம், அதனால் ஒரு நாள் தாமதமாகிவிட்டதே என்று பதற வேண்டாம்.

இதுவரை சொன்னவற்றில் நொதிகள், நஞ்சுகள், ருமாட்டிக் காய்ச்சல் எல்லாம் பலமுறை பல இடங்களில் சரிபார்க்கப்பட்டவை. சந்தேகத்தோடு வைத்துக்கொள்ள வேண்டியவையும் உண்டு. பெரிய பிரச்சினை எலி. மனிதனுக்கென்றே தைத்த ஆயுதங்கள் எலியில் சரியாக வேலை செய்வதில்லை. எலியின் டி அணுக்கள் இந்த சூப்பர் ஆன்டிஜென்களைப் பெரிதாகக் கண்டுகொள்ளாது, அதற்கு மனித எச்எல்ஏ மரபணுவைப் புகுத்திய எலி வேண்டும். அதனால் எலியில் இப்படி நடந்தது என்று படித்தால் எந்த எலி என்று கேளுங்கள். நச்சு அதிர்ச்சிக்குத் தானமாகப் பெற்ற ஆன்டிபாடியைச் செலுத்துவது பலனளிக்குமா என்று பார்க்க முயன்ற ஐரோப்பிய சோதனை ஒன்று நோயாளிகள் போதாமல் பாதியில் நிறுத்தப்பட்டது, 2003ல் வந்த அதன் முடிவு நம்பிக்கை தருகிறதே தவிர தீர்ப்பு இல்லை. குழந்தைகளுக்கு ஸ்ட்ரெப்புக்குப் பின் திடீரென வரும் மனநிலை மாற்றங்களுக்கு 1998ல் பாண்டாஸ் என்று பெயர் வைத்தார்கள், எத்தனை பேருக்கு உண்மையிலேயே ஸ்ட்ரெப்தான் காரணம் என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே இன்னும் சண்டை.

உங்களுக்கு மிக நெருக்கமானது 2019ல் வந்த ஓர் ஆய்வு. திரும்பத் திரும்ப ஸ்ட்ரெப் வந்து டான்சில் எடுக்கப்பட்ட குழந்தைகளின் டான்சிலை வேறு காரணத்துக்காக எடுத்தவற்றோடு ஒப்பிட்டார்கள். ஆன்டிபாடி தயாரிக்கக் கற்றுக்கொடுக்கும் மையங்கள் முதல் குழுவில் சிறியதாக இருந்தன, ஸ்பீஏ நஞ்சுக்கு எதிரான ஆன்டிபாடியும் குறைவு. அதைவிட விசித்திரம், ஆன்டிபாடி தயாரிக்கும் பி அணுவுக்கு உதவ வேண்டிய டி அணுக்களில் சில ஸ்பீஏ பட்டதும் பி அணுவையே கொல்லத் தொடங்கியிருந்தன. எச்எல்ஏ மரபு வகையும் இதில் பங்கு வகிப்பதாகத் தெரிந்தது. அழகான ஆய்வு, ஆனால் குழந்தைகள் மீது, அதுவும் டான்சில் எடுக்கும் அளவுக்கு அவதிப்பட்டவர்கள் மீது செய்தது. அதை அப்படியே தூக்கி உங்கள் மேல் வைக்க மாட்டேன். திரும்ப வருவதற்கு இதைவிட எளிய காரணம் இருக்கிறது: எம் புரதத்தில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு, ஒன்றுக்கு எதிராக வந்த பாதுகாப்பு மற்ற பலவற்றுக்குப் பொருந்தாது.

இப்போது உங்கள் காகிதத்துக்கு வருகிறேன். நியூட்ரோஃபில் கூடியிருப்பது எலும்பு மஜ்ஜை கேட்டதும் ஆள் அனுப்பியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. கொலை நடப்பது தொற்றிய இடத்தில், உற்பத்தி நடப்பது மஜ்ஜையில், நியூட்ரோஃபில்கள் எப்படியும் சில நாளில் சாகப் பிறந்தவை. ஏஎஸ்ஓ என்பது மேலே சொன்ன ஸ்ட்ரெப்டோலைசின் ஓவுக்கு எதிராக நீங்களே தயாரித்த ஆன்டிபாடி. ஆன்டிபாடி தயாரிக்கும் திறன் கெட்டவருக்கு அது 400 வருவது கடினம். அது நோயின் அளவும் அல்ல: தொற்றுக்குப் பின் ஒரு வாரத்தில் ஏறத் தொடங்கி மூன்று முதல் ஐந்து வாரத்தில் உச்சம் தொட்டு மாதக்கணக்கில் மெதுவாக இறங்கும். வருஷத்தில் மூன்று தடவை வந்தவருக்கு இறங்க நேரமே கிடைத்திருக்காது. மூட்டு வலி, மூச்சு வாங்குதல், தானாக உதறும் கை கால், சிவந்த சிறுநீர் இவற்றில் ஏதாவது இருந்தால் அது வேறு கதை, உடனே மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் அந்த எண்ணைக் குறைக்க மருந்து எதுவும் வேண்டாம், எதிர்ப்பு சக்தியைக் கூட்டும் பொடிகளும் வேண்டாம்.

ஒன்றை மட்டும் மருத்துவரிடம் கேளுங்கள்: மூன்று தடவையும் தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரி எடுத்துப் பார்த்தார்களா? சிலருக்கு இந்தக் கிருமி தொண்டையில் ஒன்றும் செய்யாமல் மாதக்கணக்கில் குடியிருக்கும். அவர்களுக்கு வைரஸால் தொண்டை வலி வந்தாலும் பரிசோதனை ஸ்ட்ரெப் என்றுதான் சொல்லும். மூக்கு ஒழுகி, இருமி, குரல் கம்மி வந்த தடவை எது, அதெல்லாம் இல்லாமல் திடீரெனக் காய்ச்சல் அடித்துக் கழுத்தில் நெறி கட்டி வந்த தடவை எது என்று நினைவுபடுத்திச் சொல்லுங்கள். மூன்று என்பது ஒன்றாகிவிடவும் வாய்ப்பிருக்கிறது.